அங்குலத்துக்கு என்ன வட்டி, சித்தப்பா?

கேட்டி, டெக்சாஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

  

நான் லாரி வாங்கிவிட்டேன் என்று அம்மா நாமக்கல் முழுக்கச் சொல்லி வைத்திருப்பதாகவும், "என்ன லோடு அடிக்கிறான், எந்த லைன் ஓட்டுகிறான்?" என்று நீங்கள் விசாரித்ததாகவும் தம்பி சொன்னான். லாரி இல்லை சித்தப்பா, பிக்கப். ஃபோர்டு எஃப்-150. நாலு கதவு கேபின், பின்னால் ஐந்தரை அடித் தொட்டி. லோடு என்ன என்று சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. காலையில் என்னை ஆபீசுக்கு ஏற்றிப் போகிறது, சாயங்காலம் வீட்டில் இறக்கிவிடுகிறது. சனிக்கிழமை கூடுதலாக இருபது பவுண்டு சோனா மசூரி ஒரு பை. ரிட்டர்ன் லோடு கிடையாது.

சிரிக்காதீர்கள். இந்த ஊரில் இதுதான் நடைமுறை. ஃபோர்டின் எஃப் வரிசை 1948-இல் சந்தைக்கு வந்தது. 1977-இலிருந்து அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் பிக்கப் அதுதான். இந்த 150-ஐ இன்னும் 'அரை டன் வண்டி' என்றே சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அரை டன் ஏற்றியதால் வந்த பெயர். இன்று அதைவிட அதிகம் தாங்கும். தாங்குமே தவிர, ஏற்றுவார் யாரும் இல்லை.

இந்த வண்டிக்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கோழியும் லாரியும் ஒன்றாகப் பிழைக்கும் ஊர் நாமக்கல் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; அப்படி இல்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழி ஐரோப்பாவில் மலிவு விலைக்குக் குவிந்தது. அங்கிருந்த பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள். மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் சேர்ந்த பொதுச் சந்தை கோழிக்கு வரியை ஏற்றியது. பதிலுக்கு ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இறக்குமதியாகும் சிறிய லாரி என்று நான்கின் மேல் வரி போட்டார். லாரிக்கு 25 சதவீதம். மற்ற மூன்றின் மேல் இருந்த வரி காலப்போக்கில் போய்விட்டது. லாரி மேல் போட்டது அறுபது வருஷம் தாண்டியும் நிற்கிறது. இன்றைக்கும் அதன் பெயர் 'சிக்கன் டாக்ஸ்'. இதிலிருந்து தப்பிக்க 1970-களின் கடைசியில் சுபாரு கம்பெனி தன் பிராட் பிக்கப்பின் தொட்டியில் இரண்டு பிளாஸ்டிக் சீட்டைப் பொருத்தி, "ஐயா, இது பயணிகள் வண்டி" என்று கொண்டுவந்து இறக்கியது. நம் ஊர் மூளை எங்கும் இருக்கிறது.

வண்டி வந்து நின்றதுமே என் மகன் கேட்ட முதல் கேள்வி: "அப்பா, எப்போ லிஃப்ட் பண்றோம்?"

லிஃப்ட் என்றால் வண்டியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவது. எங்கள் தெருவில் ஃபேக்டரி உயரத்தில் நிற்கும் பிக்கப்பைப் பார்த்தால், முதலாளிக்கு ஏதோ பணக் கஷ்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு அங்குலம் தூக்குபவர்கள், நாலு, ஆறு, அதற்கும் மேலே போகிறவர்கள் என்று படிப்படியாக இருக்கிறது. ஆறுக்கு மேல் போனவர்களிடம் பேசவேண்டுமானால் நாம் அண்ணாந்துதான் பேச வேண்டும். வருஷா வருஷம் லாஸ் வேகாஸில் சேமா என்று இதற்கெல்லாம் பெரிய கண்காட்சியே நடக்கிறது.

என் மனைவியிடம் விஷயத்தைக் கொண்டுபோனேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை கேட்டாள்: "தூக்கி?" இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவீர்கள்: இந்த பிக்கப்பெல்லாம் ஃபேக்டரியிலிருந்து வரும்போதே பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக, மூக்கு தாழ்ந்து நிற்கும். பின்னால் ஸ்பிரிங் பட்டை. பாரம் ஏறினால் பட்டை அமுங்கி வண்டி மட்டமாக நிற்கவேண்டும் என்று கணக்குப் போட்டு விட்டிருக்கிறார்கள். இங்கேதான் பாரமே ஏறுவதில்லையே! ஆகவே வண்டி ஆயுசுக்கும் குனிந்தே நிற்கிறது. அது பார்க்க நன்றாக இல்லை என்று காசு கொடுத்து முன்பக்கத்தை மட்டும் தூக்கி மட்டமாக்குகிறார்கள். இதற்கு லெவலிங் கிட் என்று பெயர். இஞ்சினியர் பாரத்துக்காக விட்டுவைத்த இரண்டு அங்குலத்தை அழகுக்காக அழிப்பதற்கு ஒரு தொழிலே நடக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஒரு கடைக்கு அழைத்துப்போனார். எண்ணெய்க் கிணறு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர், அவர் வண்டி ஆறு அங்குலம். கவுன்டரில் இருந்த பையன் என்னிடம் என்ன பாரம் ஏற்றுவேன், எந்த ரோட்டில் ஓட்டுவேன் என்றெல்லாம் கேட்கவில்லை. "எவ்வளவு உயரம் வேணும்?" என்றான். பாரத்தைக் கேட்டு ஸ்பிரிங் பட்டை எண்ணிக்கை சொல்லும் உங்கள் பட்டறையில் வளர்ந்தவன் நான். எனக்குப் பேச வாய் வரவில்லை.

தூக்குவதில் மூன்று வகை. முதலாவது பாடி லிஃப்ட். சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற மவுன்ட்டில் இரண்டு மூன்று அங்குலக் கட்டையைச் செருகி, நீளமான போல்ட் போட்டு முறுக்குவது. சேசிஸ் இருந்த இடத்தில் இருக்கும், கேபினும் தொட்டியும் மட்டும் எழும்பும். மலிவு. ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்.

இரண்டாவது, நான் சொன்ன லெவலிங். என் வண்டிக்கு முன்னால் காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட். அதன் தலையில் ஒரு தடித்த வளையத்தை வைத்து மூடிவிடலாம். நூறு டாலருக்குள் முடியும். இல்லையென்றால் ஸ்ட்ரட்டையே மாற்றலாம். பில்ஸ்டீன் கம்பெனியின் 5100 என்ற ஷாக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன் சித்தப்பா. உடம்பில் சுற்றிலும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காடி வெட்டியிருக்கிறது. ஒவ்வொரு காடியும் ஒரு உயரம். ஸ்பிரிங் உட்காரும் தட்டை எந்த உயரத்தில் நிறுத்த வேண்டுமோ அந்தக் காடியில் சர்க்லிப்பைப் போட்டுவிட்டால் போதும், தட்டு அதற்குக் கீழே இறங்காது. இவ்வளவுதான் சூட்சுமம். கடைசலும் விளிம்பும் அவ்வளவு சுத்தம். நீங்கள் பார்த்திருந்தால் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டுதான் தொட்டிருப்பீர்கள்.

மூன்றாவதுதான் பெரிய வேலை: ஆறு அங்குல சஸ்பென்ஷன் லிஃப்ட். தரையில் பிரித்து வைத்திருந்தார்கள். புது கிராஸ்மெம்பர், நீளமான ஸ்டியரிங் நக்கிள், டிஃபரென்ஷியலைக் கீழே இறக்க பிராக்கெட், பின்னால் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே வைக்க இரும்புக் கட்டை, அதைக் கட்ட நீள யூ போல்ட். யூ போல்ட்டைப் பார்த்ததும் நம் பட்டறைக்கே வந்தது போல இருந்தது. ஆனால் பல கிட்டுகளில் சேசிஸோடு வெல்டாகியிருக்கிற ஒரு தாங்கியை கிரைண்டர் போட்டு அறுத்து எடுக்க வேண்டும். அப்புறம் பழையபடி ஆக்க வழி கிடையாது. புது வண்டியின் சேசிஸை அறுப்பதற்குப் பணம் கட்டிவிட்டு, காப்பி குடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் மனுஷர்கள்.

அங்கேதான் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. தூக்குகிற ஒவ்வொரு அங்குலமும் கடன். வாங்குகிறவன் கேபினில் சொகுசாக உட்கார்ந்திருப்பான். வட்டி கட்டுவது கீழே இருக்கிற பாகங்கள். முன் வீலுக்குப் போகும் சி.வி. ஷாஃப்ட் சரிந்த கோணத்தில் சுற்றி ரப்பர் உறையைக் கிழித்துக்கொள்ளும். பால் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். கேம்பர், கேஸ்டர், டோ மூன்றும் கலைந்துவிடும், உடனே அலைன்மென்ட். ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும், அதையும் இறக்கி வைக்க வேண்டும். பாரத்தின் மையம் மேலே போவதால் வளைவில் வேகம் குறைக்க வேண்டும். காற்றுத் தடையும் டயர் கனமும் சேர்ந்து பெட்ரோலைக் குடிக்கும். இத்தனைக்கும், பின் ஆக்சிலின் ஹவுசிங் தரையிலிருந்து ஒரு நூல்கூட உயராது! கிட் தூக்குவது சேசிஸைத்தான். ஹவுசிங்கைத் தூக்குவது டயர் ஒன்றுதான். டயர் விட்டம் மூன்று அங்குலம் கூடினால் ஹவுசிங் ஒன்றரை அங்குலம் எழும்பும். இதை நான் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் தன் வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்து வீல். இங்கேதான் மகனும் நானும் கட்சி பிரிந்தோம். அவனுக்கு 20 அங்குல வீல், கறுப்பு, 10 அங்குல அகலம், அதில் 35 அங்குல மட் டெரெய்ன் டயர். எங்கள் ஊரில் சேறு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "மழை பெஞ்சா வரும்பா" என்றான். ஹூஸ்டன் பக்கம் மழை பெய்தால் வருவது வெள்ளம். அதற்குப் படகுதான் வாங்கவேண்டும்.

வீல் வாங்க மூன்று கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். போல்ட் கணக்கு முதலில்: என் வண்டிக்கு ஆறு போல்ட், 135 மி.மீ. வட்டம். டொயோட்டா, செவர்லே பிக்கப் பலவற்றுக்கும் அதே ஆறு போல்ட், ஆனால் 139.7. 4.7 மி.மீ. வித்தியாசத்தில் ஒரு வீல்கூட மாறிப் பொருந்தாது. இரண்டாவது ஆஃப்செட்: வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. என் ஃபேக்டரி வீல் ஏழரை அங்குல அகலம், பாசிட்டிவ் 44 மி.மீ. மகன் காட்டியது மைனஸ் 18. கணக்குப் போட்டேன்: வெளி விளிம்பு ஏறக்குறைய மூன்றே முக்கால் அங்குலம் வெளியே வந்துவிடும். மட்கார்டைத் தாண்டித் துருத்திக்கொண்டு நிற்கும். ரோட்டில் இருக்கும் கல்லும் சேறும் கதவில் வந்து அடிக்கும். வீல் பேரிங்குக்கு ஓயாத சுமை. இதையும் அழகு என்று தனியாகப் பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

மூன்றாவது டயர் கணக்கு. இப்போதிருக்கும் 275/65 ஆர் 18 டயரின் விட்டம் 32 அங்குலம். 35 போட்டால் ஒரு சுற்றுக்கு ஒன்பது சதவீதம் கூடுதல் தூரம். ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 65-ஐத் தாண்டியிருக்கும். போலீஸ்காரர் நிறுத்தினால், "சார், டயர் பெரிசு" என்று சொல்லிப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் அளவை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. இழுவையை மீட்கக் கிரவுன் பினியனையே மாற்றுகிறவர்களும் உண்டு. அதோடு தொட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி இடத்தில் 35 ஏறுவது சந்தேகம். அப்புறம் நடுரோட்டில் பஞ்சர் ஆனால், மேலே சொன்ன அழகையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நம் ஊரில் கம்பெனி கொடுத்த வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோகும் நாளில் பட்டறையே விரதம் இருக்கும். இங்கே டெக்சாஸில், சொந்த உபயோக வண்டிகளுக்கு வருஷாந்திரப் பாதுகாப்புச் சோதனையையே 2025 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் புகைச் சோதனை மட்டும் பாக்கி. சோதனை போய்விட்டது, ஆனால் அதற்காக வாங்கிய ஏழரை டாலரை மட்டும் விடாமல் வேறு பெயரில் வசூலிக்கிறார்கள். சித்தப்பா, அரசாங்கம் என்றால் எங்கும் அரசாங்கம்தான். ஹெட்லைட் தரையிலிருந்து 24 முதல் 54 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அதற்குள் ஒரு மனுஷன் எவ்வளவோ பண்ணிக்கொள்ளலாம்.

கிழக்கே கரோலினா மாநிலங்களில் இன்னொரு கூத்து. முன்பக்கத்தை வானத்துக்குத் தூக்கி, பின்பக்கத்தைத் தரையில் குந்த வைத்து ஓட்டினார்கள் இளவட்டங்கள். 'கரோலினா ஸ்குவாட்' என்று பெயர். பானெட் மறைத்து ரோடே தெரியாது. முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரைவிட நாலு அங்குலமோ மேலோ உயர்ந்திருக்கும்படி மாற்றக்கூடாது என்று வட கரோலினா 2021 டிசம்பரிலிருந்து தடை போட்டது. வர்ஜீனியாவும் தென் கரோலினாவும் பின்னாலேயே வந்தன. ஓவர்லோடு ஏற்றி வண்டி பின்னால் குந்தினால் நம் ஊரில் ஃபைன். இங்கே காலி வண்டியைக் காசு கொடுத்துக் குந்த வைத்து ஃபைன் கட்டினார்கள்.

கடைசியில் இந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது அம்மா. போன கோடையில் வந்திருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆறு அங்குல வண்டியில் ஒரு ரவுண்டு அழைத்துப் போகிறேன் என்று ஆசையாக வந்து நின்றார். அம்மா காஞ்சிக் காட்டன் புடவையில் கதவண்டை போய் நின்று, சீட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஏங் கண்ணு, ஏணியை ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டாராட்ட இருக்குது?" என்றார். கதவைத் திறந்ததும் வண்டிக்கு அடியிலிருந்து மோட்டாரில் ஒரு படி தானாக வெளியே வந்தது. அம்மா இரண்டடி பின்னால் குதித்தார், ஏதோ கழன்று விழுகிறது என்று. ஏறி உட்கார்ந்த பிறகு முகத்தில் சந்தோஷம்தான்; ஆனால் திரும்பி வந்ததும் பாராட்டியது படியை மட்டும்.

அன்று இரவே என் மனைவி விதி வகுத்துவிட்டாள்: "அத்தை புடவையோட யார் கையும் புடிக்காம ஏறணும். அந்த உயரம்தான் உயரம்."

அவ்வளவுதான். கடைக்காரப் பையன் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆறு, நாலு எல்லாம் அடிபட்டுப் போயின. முன்னால் 5100 ஸ்ட்ரட், சர்க்லிப் இரண்டு அங்குலக் காடியில். 18 அங்குல வீல், ஒன்பது அங்குல அகலம், பாசிட்டிவ் 18. பழையதைவிட ஒன்றே முக்கால் அங்குலம்தான் வெளியே வரும். 275/70 ஆர் 18 ஆல் டெரெய்ன், 33 அங்குலம். இரண்டு பக்கமும் நிலையான கால்படி. மகனுக்காக வீல் மட்டும் கறுப்பு. ஆறு அங்குலமும் 35-உம் என்று போயிருந்தால் ஏழெட்டாயிரம் டாலர் பிடித்திருக்கும். இது அதில் பாதிக்கும் கீழே. வேலை போன சனிக்கிழமை முடிந்தது. மறுநாள் பியர்லாண்ட் மீனாட்சி கோவிலில் பூஜை போட்டோம். நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம். கோவில் வாசலில் நின்ற மற்ற வண்டிகளுக்கு நடுவே மகன் கொஞ்சம் தள்ளியே நின்றான்; இரண்டு அங்குலம் அவனுக்குப் போதாது. பதினாறு வயசாகட்டும், லைசென்ஸ் எடுத்து, சொந்தச் சம்பாத்தியத்தில் மீதி நாலைத் தூக்கிக்கொள்ளட்டும்.

இப்போது உங்களிடம் ஒரு யோசனை. முன்பக்கம் எழும்பி வண்டி மட்டமாகிவிட்டதால், இனி பின்னால் பாரம் ஏற்றினால் வால் தாழும், லைட் மேலே அடிக்கும். பின் பட்டைக் கட்டில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்க்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அரிசிப் பைக்கு எதற்கு என்கிறாள் என் மனைவி. வசந்த காலத்தில் தோட்டத்துக்கு மண் அடிக்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. அது முக்கால் டன் வந்தாலும் வரும். பட்டை சேர்த்தால் காலி ஓட்டத்தில் தூக்கிப் போடும் என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. எனக்காக அல்ல, அம்மா இடுப்புக்காகக் கேட்கிறேன்: சேர்க்கலாமா, வேண்டாமா?

தை மாதம் வரும்போது நீங்கள் கேட்ட டார்க் ரெஞ்ச் கொண்டுவருகிறேன். இங்கே கிடைப்பதில் அளவு ஃபுட்-பவுண்டில் இருக்கும். என் வீல் நட்டுக்கு 150. உங்கள் கிலோகிராம்-மீட்டரில் 20-க்கு மேல் 21-க்குள். இரண்டு அளவும் பொறித்தது கிடைத்தால் அதையே வாங்குகிறேன். சித்திக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்

பி.கு.: கழற்றிய பழைய வீல் நான்கும் கராஜில் கிடக்கின்றன. தம்பி தன் பொலேரோவுக்குக் கேட்பான். போல்ட் கணக்கே வேறு, பொருந்தாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அமெரிக்கா போய்க் கஞ்சனாகிவிட்டேன் என்பான்.